அடியில படுத்துப் பாரு மாப்ள

வா மாப்ள, உக்காரு. வண்டிய வேப்பமரத்தடியில நிப்பாட்டுனியே, ரொம்பப் புத்தியான காரியம். நிழலுக்காகச் சொல்லல. அங்கிட்டு வெறும் மண்ணு. ஒழுகுற ஆயிலை அது பாட்டுக்குக் குடிச்சுக்கிரும். வாசல்ல நிப்பாட்டியிருந்தா நாளைக்குக் காலையில உங்க அத்தை கோலப்பொடியோட வந்து நின்னு யாரைத் திட்டுவா? நாத்தனார் மகனையா திட்டுவா, என்னையத்தான் திட்டுவா.

எம்.எம். 540, 1994 மாடலு, நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. நீ ஊருக்குள்ள நுழையிறப்பவே பாத்தேன். மேல வரிசையா எல்.இ.டி. லைட்டு, பக்கத்துல ஆகாசத்தைப் பாத்து ஒரு ஸ்நார்க்கல் குழாயி, பின்னாடி ரெண்டு கேன், ஏணி, ஒரு மண்வெட்டி. மண்வெட்டி விலையச் சொன்னியே, அந்தக் காசுக்கு வாய்க்கா வெட்டியே குடுக்க ஆளு இருக்கு இந்த ஊர்ல. மொத்தமா எம்புட்டுச் செலவுன்னு நான் கேக்கல. கேட்டா நீ சொல்லிப்புடுவ, எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை தீந்து போச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கடைசியா எப்ப கிரீஸ் அடிச்ச?

சரி, சரி, முழிக்காத. மிச்சக் காப்பியக் குடி.

இந்த வண்டியோட பூர்வீகம் உனக்குத் தெரியும். வில்லிஸ் ஜீப்பு, அமெரிக்காக்காரன் 1941-ல சண்டைக்குன்னு செஞ்சது. 1947-ல மகிந்திராக்காரன் அதைப் பம்பாயில பூட்டி விக்க ஆரம்பிச்சான். அப்புறம் வந்த சி.ஜே. 3பி-ல பானட்டு மட்டும் ஏன் அம்புட்டு உசரம்னு கேட்டிருக்கியா? உள்ள வெச்ச புது எஞ்சின் நெட்டையா இருந்துச்சு, மூடியத் தூக்கிட்டான், அம்புட்டுதான். அழகுக்குன்னு ஒரு வேலையும் அதுல செய்யல. உன் வண்டியில இருக்குறது பியூஜோக்காரன் டீசல் எஞ்சின், 2112 சிசி, 60 சொச்சம் குதிரை. இன்னைக்கு ஒரு சின்னக் காருல கூட அதை விடக் கூடுதல் குதிரை இருக்கும். கெட்டே போகாத வண்டின்னு இதை யாரும் செய்யல மாப்ள. ரோட்டோரத்துல உக்காந்து ரெண்டு ஸ்பேனரை வெச்சுச் சரி பண்ணிக்கிறலாம்ங்கிற தைரியத்துல செஞ்சது. நீ கோயமுத்தூர்ல ஒரு கடையில குடுத்து, ஸ்பேனர் நுழையிற சந்தெல்லாம் எதையாவது வெச்சு அடைச்சுட்டு வந்திருக்க. அந்த வேலையில என்ன சுத்தம்! ஏ.சி. ரூமுக்குள்ள செஞ்சிருப்பான் போல.

நம்ம கம்பம், போடிப் பக்கம் காலையில கருக்கல்ல ரோட்டுல நின்னு பாரு. மலைக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திக்கிட்டுப் போற ஜீப்பெல்லாம் வரிசையா வரும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளின்னு ஆளுக்கு ஒரு மலை. கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டம்தான், 7,900 அடி உசரம். ஆனா ஜீப்பு ஏறணும்னா கேரளாப் பக்கம் சூரியநெல்லி போய்த்தான் ஏறணும். அந்தப் பாதையில பாறையத் தவிர வேற எதுவும் கிடையாது. தெனம் அதுல ஏறி எறங்குற வண்டியப் போய்ப் பாரு. பெயின்டு போயிருக்கும், சீட்டு கிழிஞ்சிருக்கும், ஹாரன் ஒரு மாதிரி அழுவும். ஸ்நார்க்கல் கிடையாது, ஏணி கிடையாது. அந்த வண்டிக்கு அடியில படுத்துப் பாரு. ஸ்பிரிங் பட்டை ஷேக்கிள்ல, பிரொபல்லர் ஷாஃப்ட் கிராஸ்ல, டை ராடு முனையில, ஒவ்வொரு நிப்பிள்லயும் புது கிரீஸ் பிதுங்கிக்கிட்டு நிக்கும். டிரைவருக்கு அதுதான் சோறு. வண்டி நின்னா அன்னைக்குக் கூலி இல்ல. உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல; வண்டி நின்னா போட்டோ எடுத்துக்கிறலாம்.

கிரீஸ் அடிக்கிறதையும் சொல்லிப்புடுறேன், அடிக்கத்தான் போறதில்லன்னாலும். மொதல்ல நிப்பிளைத் துணியால தொடைக்கணும். தொடைக்காம கிரீஸ் கன்னை வெச்சு அமுக்குனா, நிப்பிள் வாயில ஒட்டியிருக்க மண்ணையும் சேத்து உள்ள தள்ளுற. அது கிரீஸ் இல்ல, தேய்க்கிற உப்புத்தாளு. பைய அமுக்கிக்கிட்டே இருக்கணும். மொதல்ல கறுப்பா, மணலோட பழசு வெளிய வரும். அப்புறம் உள்ள போன நெறத்துலயே புதுசு வரும். அப்ப நிறுத்து. கிராஸ்ல நாலு பக்கமும் வரணும். மூணு பக்கம் வந்து ஒரு பக்கம் வரலேன்னா அந்தக் கிண்ணி காஞ்சு கெடக்குன்னு அர்த்தம், அடுத்த மலையில 'கிணுங், கிணுங்'னு அதுவே வாய் தொறந்து சொல்லும். எங்கயும் கிரீஸே ஏறலைன்னா நிப்பிள் அடைச்சிருக்கு, கழட்டி மாத்து. வடை வாங்குற காசுதான் அது விலை. தண்ணியில எறங்கி ஏறுனா அன்னைக்கே அடிக்கணும். நாளைக்குன்னு வெச்சா ராத்திரி பூராவும் துரு முழிச்சுக்கிட்டு வேலை பாக்கும். நீ தூங்கு.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. ஸ்நார்க்கல்.

செல்ஃப் திரும்ப எடுக்காதுன்னு பயந்து வண்டிய ஆஃப் பண்ணாமலே காப்பி குடிக்க உள்ள போனியே, அப்ப நான் ஒரு வேலை பாத்தேன். ஒரு பலகைத் துண்ட எடுத்து ஸ்நார்க்கல் வாயை நல்லாப் பொத்துனேன். காத்து போற வழி அது ஒண்ணுதான்னா, எஞ்சின் மூச்சு முட்டி நின்னுரணும். உன் எஞ்சினு நிக்கல மாப்ள. சத்தம் கூட மாறல. எனக்கு ரொம்பச் சந்தோசம். பானட்டுக்குள்ள எங்கிட்டோ ஒரு ஜாயின்ட்ல கிளிப்பே போடாம விட்டிருக்கான். அது வழியா இழுத்துக்கிட்டு சொகமா ஓடுது. நீ ஆத்துல எறங்குனேன்னு வையி, காத்து ஆகாசத்துலருந்து வர்றதா நெனச்சுக்கிட்டு நீ தெம்பா ஓட்டுவ, அது ஆத்துத் தண்ணிய கீழருந்து உறிஞ்சும். டீசல் எஞ்சின் காத்தை இருபது மடங்குக்கு மேல அமுக்குறது. தண்ணிய எவனாலயும் அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும், தண்ணி வழி விடாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். அப்புறம் எஞ்சின் வேலை உன் ஸ்நார்க்கல் விலையில முடியாது.

ஸ்நார்க்கலே வேணாம்னு சொல்லலப்பா. கூட்டமா நாலு வண்டி புழுதிக்குள்ள போறப்ப, ஒசக்க இருந்து காத்து இழுத்தா ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. அதுக்கு நல்லதுதான். ஆனா ஆழத்துக்குன்னு வெச்சியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு. உன் வண்டிக்குக் கதவு துணிக் கதவு. ஸ்நார்க்கல் வாய் வரைக்கும் தண்ணி ஏறுறதுக்குள்ள உன் கழுத்துக்கு ஏறியிருக்கும். அதுக்கு ஒரு குழாய் வெச்சியா?

நெசமான வழி வேற இருக்கு, அதை எந்தக் கடைக்காரனும் காட்ட மாட்டான், காசு பெறாது. பின்னாடி ஆக்சில் உருண்டை இருக்குல்ல, கிரவுன் பினியன் இருக்குற ஹவுசிங்கு, அது மேல சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குமிழ் இருக்கும். பிரீதர்ன்னு சொல்லுவாங்க. முன் ஆக்சில்லயும் ஒண்ணு இருக்கும். அது வழியாத்தான் ஹவுசிங் மூச்சு விடுது. குரங்கணிப் பக்கம் மலை ஏறி எறங்கி, ஹவுசிங் கை வைக்க முடியாத சூட்டுல வருது. நேரா கொட்டகுடி ஆத்துக்குள்ள எறக்குற. குளுந்த தண்ணி பட்டதும் உள்ள இருக்க காத்து சுருங்கும். சுருங்குனா வெளிய இருந்து எதையாவது இழுக்கும். பிரீதர் சுத்தமா, தண்ணிக்கு மேல இருந்தா காத்தை இழுக்கும். மண்ணு அடைச்சுக் கெடந்தா? ஆயில் சீல் வாயி வழியா ஆத்துத் தண்ணியத்தான் இழுக்கும். நீ கரை ஏறி நின்னு கைதட்டிக்கிட்டு இருப்ப, உள்ள ஆயிலும் தண்ணியும் கலந்து கல்யாணம் முடிஞ்சிருக்கும்.

மறுநா காலையில வண்டி ஆடாம நின்ன பொறவு, கீழ இருக்க டிரெயின் பிளக்கை ஒரு சுத்து மட்டும் இளக்கிப் பாரு. தண்ணி கனம், ஆயில் மேல மெதக்கும். அதனால தண்ணி இருந்தா மொதல்ல சொட்டுறது அதுதான். தண்ணி ஏறுன பொறவும் வண்டி ஓடிக் கலங்கியிருந்தா 90 நம்பர் ஆயில் பால் காப்பி நெறத்துக்கு மாறியிருக்கும். அந்த நெறத்தைப் பாத்தா அன்னைக்கே மொத்தத்தையும் வடிச்சு ஊத்திரணும். விட்டேன்னா பல்லும் பேரிங்கும் கரும்புள்ளி விழுந்து, கொஞ்ச நாள்ல ஹவுசிங்கு ஊளையிட ஆரம்பிக்கும். இது எல்லாத்துக்கும் வைத்தியம் என்ன தெரியுமா? பிரீதரைக் கழட்டி டீசல்ல கழுவு. இல்லையா, அந்த இடத்துல ஒரு நிப்பிளைப் போட்டு, டீசல் ஹோஸை மாட்டி, சேசிஸ் ஓரமாவே கொண்டாந்து பானட்டுக்குள்ள ஒசக்க கட்டிரு. கியர்பாக்ஸுக்கும் அதே மாதிரி. உன் ஸ்நார்க்கலுக்குக் குடுத்த காசுல ஒரு ஊருக்கே பிரீதர் குழாய் போடலாம். ஆனா ஒண்ணு, வெளியில தெரியாது. பாக்குறவன் யாரும் 'சூப்பர் ப்ரோ'ங்க மாட்டான்.

அடுத்தது இந்த ஒசரம். ஏறுறதுக்கே ஒரு முக்காலி வேணும் போலயே. ஸ்பிரிங்குல லிஃப்ட் போட்டிருக்க, 33 அங்குலம் டயரு. பழைய டயர் 28-ன்னு வையி. சரியான மாமன் நான், கணக்குச் சொல்றேன் கேளு. அடியில தரைக்கு ரொம்பக் கிட்ட தொங்குறது ஹவுசிங் உருண்டை. நீ ஸ்பிரிங்கை நாலு அங்குலம் என்ன, நாப்பது அங்குலம் தூக்கு, அந்த உருண்டை ஒரு நூலு கூட ஒசராது. அது சக்கரத்தோட கெடக்குற சாமான். அதைத் தூக்குறது டயர் ஒண்ணுதான். அதுவும் கூடுன அஞ்சு அங்குலத்துல பாதி, ரெண்டரை அங்குலம். சேசிஸும் வயிறும் ஒசந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா கல்லு இடிக்கிறது உருண்டையில.

இனி குடுத்த விலையப் பாரு. சக்கரம் பெருசானதுல இழுவை நூத்துக்கு 15 பங்கு போச்சு. இருந்ததே 60 சொச்சம் குதிரை, அதுல இது வேற. மேட்டுல ரெண்டாவது கியர்ல போன வண்டி இப்ப ஒண்ணாவதுக்கு அழுவுது. கிளட்சு தீயிற வாசம் எனக்கு வாசல் வரைக்கும் வந்துச்சு. மீட்டர்ல 60 காட்டுனா நெசத்துல 70 போயிக்கிட்டிருக்க. பிரேக்கு மட்டும் அதே பழைய டிரம்மு. பெரிய சக்கரத்தை நிப்பாட்ட அதுக்குத் தெம்பு கூடுதலா வேணும். அதை யாரு குடுத்தா? பிரொபல்லர் ஷாஃப்ட்டு இப்ப செங்குத்தா நிக்குது, கிராஸ் அந்தக் கோணத்துல சுத்துனா உதறும், சீக்கிரம் தேயும். ஷாக் அப்சார்பர் எட்டல. எல்லாத்துக்கும் மேல, பிரேக் ஹோஸு. அதை மாத்துனானா? அடியில போய்ப் பாத்தேன், மாத்தல. தரையில நிக்கிறப்ப சரியாத்தான் இருக்கு. ஒரு சக்கரம் பள்ளத்துல தொங்குறப்ப முறுக்கிப் புடிச்ச கயிறா நிக்கும். என்னைக்காவது ஒரு நா அறுந்துச்சுன்னா, பெடல் தரை வரைக்கும் போகும், நீயும் அது கூடவே போவ.

எனக்கு ஒரு ஆச்சரியம் மாப்ள. ஒரு சாமானை மாத்துனா அது இன்னொரு சாமானைக் கேக்கும், அது இன்னொண்ணைக் கேக்கும்னு கடைக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஒவ்வொண்ணா நீயே வந்து கேக்கட்டும்னு இருக்கான். மாசா மாசம் வர்ற மாப்பிள்ளைய எந்தக் கடைக்காரன்தான் வெறுப்பான்.

ரோட்டுல 50 தாண்டுனா ஸ்டீயரிங் வெடவெடன்னு ஆடுதுன்னியே. வாப்ளிங்கு. அதுக்கு ஸ்டீயரிங் டேம்பர் போடச் சொன்னானாக்கும்? போடு. காய்ச்சல்காரனைக் கட்டிலோட சேத்துக் கட்டிப் போட்டா நடுக்கம் நின்ன மாதிரிதான் தெரியும். மொதல்ல முன்பக்கத்தை ஜாக்கில தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டு. ஆடுனா கிங் பின் பேரிங்கு, இல்ல வீல் பேரிங்கு. ரெண்டு பக்கமும் புடிச்சு ஆட்டு. ஆடுனா டை ராடு முனை. ஷேக்கிள் புஷ்ஷுல கடப்பாரையக் குடுத்து நெம்பிப் பாரு. யூ போல்ட்டு நாலையும் முறுக்கு. ஸ்பிரிங் மாத்தி வண்டி கொஞ்சம் ஓடுனதும் அது இளகத்தான் செய்யும், திரும்ப ஒரு தரம் முறுக்குனதா சரித்திரம் உண்டா? இதெல்லாம் சரியா இருந்த பொறவும் ஆடுனா அப்ப டேம்பர் வாங்கு, நானே கூட வர்றேன்.

இதை விட்டுரு. தேனியிலருந்து தார் ரோட்டுல வர்றப்ப ஃபோர் வீல் போட்டுக்கிட்டு வந்தேன்னு பெருமையாச் சொன்னியே, அதைச் சொல்லு. ரோடு வழுக்குச்சா? மழை பெஞ்சுச்சா? வெயில்ல தாரு உருகிக் கெடக்கு. இந்த வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரன்சியல் கிடையாதுப்பா. வளைவுல திரும்புறப்ப முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓடணும், பின் சக்கரம் கொஞ்சம்தான் ஓடணும். மண்ணுல, சேத்துல சக்கரம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரி பண்ணிக்கிரும். தாருல வழுக்க எடம் இல்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு நிக்கும். ஸ்டீயரிங் கல்லாகும். ஃபோர் வீல் கம்பிய எடுக்கப் பாத்தா வராது. வரலையில்ல? நம்ம வாசல் வரைக்கும் அப்படியேதான வந்த? கொஞ்சம் பின்னாடி எடுத்து, நேரா விட்டா முறுக்கு இளகி கம்பி வந்துரும். சுத்தியலால தட்டாத, ஏற்கனவே தட்டுன தழும்பு தெரியுது.

இன்னொண்ணு. சேத்துக்குள்ள போய் எறங்கி மாட்டிக்கிட்ட பொறவு ஃபோர் வீல் போடுறது நம்ம ஆளுக பழக்கம். எறங்குறதுக்கு முன்னாடி போடணும். முன் சக்கரம் நடுவுல திருகுற ஹப்பு இருக்குல்ல, அதை ரெண்டு பக்கமும் லாக் பண்ணாம உள்ள கம்பிய எத்தனை தரம் இழுத்தாலும் முன் சக்கரம் சும்மாதான் சுத்தும். முழங்கால் சேத்துல எறங்கி அதைத் திருகுறப்ப உன் வெள்ளை ஷூவைப் பாக்க நான் வரணும், மறக்காமக் கூப்புடு. லோ கியர்னு ஒண்ணு இருக்கே, அது உனக்குப் புடிக்காது. இழுவை ரெண்டு மடங்குக்கு மேல கூடும், ஆனா வண்டி நடக்குற வேகத்துலதான் போகும். கல்லுப் பாதைக்கு அதுதான் மருந்து. கிளட்சுல காலை வைக்காம, ஆக்சிலேட்டரைத் தடவிக்கிட்டு, வண்டிய அது போக்குல ஏற விடணும். நீ வேகத்துல பாஞ்சு ஏறுறதை வீடியோல பாத்தேன். கல்லுக்கு வலிக்கலயே?

டயர்ல காத்தைக் குறைச்சு ஓட்டுனா பிடிமானம் கூடும், அதுவும் நெசம்தான். மணல்ல, கல்லுல 18, 20 பவுண்டுன்னு எறக்குவாங்க. உன் பழைய ரிம்முல ட்யூபு இருந்தா ரொம்ப எறக்காத. டயர் ரிம்முல சுத்தும், ட்யூபு கூடவே போகும், வால்வு அந்த எடத்துலயே அறுந்துரும். தார் ரோடு ஏறுனதும் காத்தை ஏத்திப்புடு. ஏத்துற பம்பு கொண்டு போனியா, இல்ல எறக்குற குச்சி மட்டும்தானா?

எறக்கத்தைப் பத்திச் சொல்றப்ப மட்டும் நான் விளையாட மாட்டேன், கவனமாக் கேளு. எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லயே எறங்கு. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு எறங்குன ஆளுக போடிமெட்டு வளைவுல எங்க போனாங்கன்னு அங்க இருக்க டீக்கடையில கேட்டுக்க. பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்தைக் குடிக்கிற சாதி. டாட் 3 ஆயில் புதுசுல 205 டிகிரியில கொதிக்கும். ஈரம் ஏறிப் பழசானா 140-லயே கொதிச்சுரும். கொதிச்சா ஆவி, ஆவிய அமுக்குனா பெடல் பஞ்சாட்டம் உள்ள போகும், வண்டி நிக்காது. எறக்கம் முடிஞ்சு வண்டி நின்ன பொறவு பாத்தா எல்லாம் சரியா இருக்கும், அதான் அதுல விசேஷம். ரெண்டு வருசத்துக்கு ஒரு தரம் மொத்தமா வடிச்சு மாத்து. தண்ணியில எறங்கி ஏறுனா டிரம்முக்குள்ள ஈரம் இருக்கும்; கொஞ்ச தூரம் பெடலை லேசா அமுக்கிக்கிட்டே ஓட்டிக் காய வெச்சுட்டு அப்புறம் எறக்கத்துக்குப் போ.

ரேடியேட்டர் சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறிஞ்சுட்டானா? தெரியும். நம்ம ஊரு மெக்கானிக்கு எல்லாருமே அதைக் கழட்டுறதுல கெட்டிக்காரங்க. காய்ச்சல் தெரியக் கூடாதுன்னா தெர்மாமீட்டரை உடைச்சாப் போதும்ங்கிற வைத்தியம். வால்வு இல்லாம எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, புகை கக்கும், லைனர் தேயும். ரேடியேட்டர் ட்யூபுல அடைப்பா, ஃபேன் பெல்ட்டு தொங்குதா, அதைப் பாரு.

லைட்டு? அழகுதான். விமானம் எறங்குறதுக்கே பயன்படும். ஆனா பழைய டைனமோவுல இருந்து ரிலே இல்லாம, ஃபியூசு இல்லாம, சுவிட்சுக்கே நேரா ஒயர் இழுத்திருக்கான். சீட்டுக்கு அடியில பேட்டரி, அதுக்குப் பக்கத்துல டீசல் டேங்கு. கையில ஒரு தீயணைக்கிற சிலிண்டர் வெச்சுக்க, மண்வெட்டிய விட அது உதவும்.

வின்ச்சுக்கு வருவோம். முன்னாடி வெச்சிருக்க பம்பரு, வின்ச்சு ரெண்டையும் சேத்தா ரெண்டு ஆளு கனம், அதுவும் முன் ஸ்பிரிங்கு மூஞ்சியில. அந்த ரெண்டு பேரும் எறங்கவே மாட்டாங்க, டீசலும் கேப்பாங்க. வின்ச்சை வெச்சு இழுக்கத் தெரியுமான்னா, 'பட்டனை அமுக்குனாப் போதும் மாமா'ங்குற. இரும்புக் கேபிள் இழுவையில அறுந்தா சாட்டையாட்டம் வராது, அரிவாளாட்டம் வரும். அது மேல ஈரச் சாக்கு ஒண்ணைப் போடு, யாரையும் கேபிளைத் தாண்ட விடாத, கையில தோல் உறை போடு. மரத்துல கட்டுறப்ப பட்டை நாடாவைச் சுத்திக் கட்டு, மரத்தையாவது விட்டு வை. எஞ்சினு ஓடாம இழுத்தா பேட்டரி தீந்து, காட்டுக்குள்ள வின்ச்சும் வண்டியும் ஜோடியாத் தூங்கும்.

அந்தப் பம்பரைப் பத்தி இன்னொரு விசயம். இரும்பு முட்டு மாட்டக் கூடாதுன்னு 2017 டிசம்பர்லயே சர்க்கார் சொல்லிருச்சு. கம்பெனிக்காரன் கொடுத்த கணக்குக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல இருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிருச்சு. உன் வண்டிக்கு 15 வருசம் எப்பவோ முடிஞ்சு போச்சு. அஞ்சு வருசத்துக்கு ஒரு தரம் ஆர்.சி. புதுப்பிக்கணும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி இதைக் கொண்டு போய் நிப்பாட்டுறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. அவரு உன் வண்டியச் சுத்தி வர்றப்ப அந்த முகத்தைப் பாக்கணும். எப்.சி.க்கு முந்தின நா ராத்திரி எல்லாத்தையும் கழட்டி, மறுநா திரும்ப மாட்டுற ஆளுகளும் இருக்காங்க. அந்த உழைப்பை கிரீஸ் கன்ல காட்டியிருந்தா வண்டி பொன்னா இருந்திருக்கும்.

காட்டுக்குள்ள எல்லாம் போறதா உத்தேசமாக்கும்? மேகமலைப் பக்கம் 2021-லருந்து புலிகள் காப்பகம். ரோட்டை விட்டு எறங்குனா ஃபாரஸ்ட்டுக்காரன் உன்னையப் புடிப்பான், வண்டிய அவன் வாசல்ல மழையில நிப்பாட்டி வைப்பான். துருவுக்கு ரொம்ப ஏத்த எடம். யாரு தோட்டமாவது, யாரு தரிசாவது, சொந்தக்காரன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்கு. நம்ம கரட்டுக்குப் பின்னாடி கெடக்குற ஓடையில எம்புட்டு வேணும்னாலும் ஏறி எறங்கு, நான் நாற்காலி போட்டு உக்காந்து பாக்குறேன்.

துருன்னதும் சொல்றேன், விக்கிறப்ப உனக்கு எல்லாத்தையும் காட்டுன ஆளு சேசிஸைக் காட்டுனாரா? பட்டி பாத்து, பெயின்டு அடிச்சு, பளபளன்னு வெச்சிருக்காரு. பின் ஸ்பிரிங் ஹேங்கர் கிட்ட சேசிஸை ஸ்பேனரால தட்டிப் பாத்தேன். நல்ல இரும்பு 'டிங்'குங்கும். ஒரு எடத்துல 'டொப்'புன்னுச்சு. வேற ஒண்ணும் இல்ல, உள்ள வெறும் காகிதம். அந்த எடத்துல வெட்டி எடுத்து, நல்ல தகடு வெச்சு வெல்டு பண்ற வரைக்கும் எங்கயும் ஏறாத. லேத்து பட்டறையில நம்ம பழைய ஆளு ஒருத்தர் இருக்காரு, அவருக்கு டிங்கரிங்கு தெரியும், போட்டோ எடுக்கத் தெரியாது.

சரி, இப்ப என்ன செய்யிற, கேளு. நாளைக்கு வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பழைய சட்டையப் போட்டுக்கிட்டு வா. பிரேக் ஹோஸு நீளமா வாங்கியாறணும், பிரேக் ஆயிலு, 90 நம்பர் ஆயிலு, ஒரு கிலோ கிரீஸு, நிப்பிள் ஒரு டஜன், டீசல் ஹோஸு, கிளிப்பு. கிரீஸ் கன் எங்கிட்ட இருக்கு, அதை மட்டும் வாங்காத. 33 டயரைக் கழட்டி வித்துப்புடு, அந்தக் காசுலயே இது பூராவும் முடியும், மிச்சத்துல எங்க அக்காவுக்கு ஒரு சேலை எடு, வண்டி வாங்குனதை மன்னிச்சுருவா.

பம்பரை நான் இன்னைக்கே கழட்டிருவேன், வேற வழியில்ல, முன் ஸ்பிரிங்கு உக்காந்து போச்சு. கழட்டுனா எங்க வைப்ப? உன் அபார்ட்மென்ட்டுல வாட்ச்மேன் ஏத்துக்க மாட்டான். நம்ம தொழுவத்து வாசல்ல குறுக்க ஒரு கம்பி இல்லாம அந்தச் செவலை மாடு ராத்திரி ராத்திரி வெளியேறிப் போயிருது. நீ காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தப்ப முழக்கயித்தால அளந்து பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம், சுவத்துக்குள்ள பதிக்கச் சரியா இருக்கும். வெல்டு நல்லாப் போட்டிருக்கான், அதுக்காகச் சொல்லணும்.